ஆரணியின் வலது காது

நான் வேலை செய்த லாபில் இப்போது காதை மெஷின் அச்சடிக்கிறதாம். போன மாதம் அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை ரெலிபோன் எடுத்து, "றெஜினா அன்ரி, நீங்கள் இருந்த காலத்தில இதெல்லாம் கையாலதான் செய்தனீங்களாமே?" என்று கேட்டாள். காலால் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்று சொல்ல வாய் உன்னியது. சின்னப் பிள்ளை என்பதால் அடக்கிக்கொண்டேன். பிறகு அவள் குரலைத் தாழ்த்தி, அந்தப் பழைய சிகிச்சை ஏன் இடையில் நின்றது, இங்கே ஒருவரும் ஒழுங்காகச் சொல்கிறார்கள் இல்லை என்றாள். எழுதித் தருகிறேன் என்றேன்.

எழுத முன்னர் ஒருத்தியிடம் கேட்கவேண்டியிருந்தது. அவளை இங்கே ஆரணி என்று பெயர் மாற்றிச் சொல்கிறேன். அவளுடைய தாய் சுகந்தி போன பனிக்காலத்தில் காலமானார். "அம்மா இருக்கேக்க கேட்டிருந்தா வேண்டாம் எண்டிருப்பன் அன்ரி. இப்ப எழுதுங்கோ," என்றாள் ஆரணி.

நான் ஊர்காவற்றுறையில் பிறந்தவள். கனடாவுக்கு வந்து முதலில் கிடைத்த வேலை மிசிசாகாவில் ஒரு பிளாஸ்ரிக் பக்ரறியில். ஷாம்பூப் போத்தல் மூடி செய்கிற இடம். பிளாஸ்ரிக் எந்தச் சூட்டில் இளகும், அச்சுக்குள் எங்கே காற்றுக் குமிழ் பிடிக்கும், அவசரப்பட்டுக் கழற்றினால் எந்தப் பக்கம் வளையும் என்பதெல்லாம் அங்கேதான் என் கைக்குப் பழகியது. வேலை முடியக் கொலிஜ், கொலிஜ் முடிய இரண்டு பிள்ளைகள், பிறகு ரொறொன்ரோவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் லாப் ரெக்னீஷியன் வேலை. படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை. நித்திரை இல்லாமல் படித்தேன், பாஸ் பண்ணினேன்.

அங்கே எங்களுக்கு மேலே இருந்தவர் டொக்டர் லிண்டன். காது மூக்குத் திருத்துகிற சத்திரசிகிச்சை நிபுணர். உயர்ந்து மெலிந்த மனிதர், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பேசும்போது உங்கள் கண்ணைப் பார்க்கமாட்டார், காதைப் பார்ப்பார். என் காது சின்னதென்றாலும் நல்ல வடிவான காது என்று வேலைக்கு எடுத்த அன்றைக்கே சொன்னார். என் மனுசன்கூட அதுவரை கவனிக்காத விசயம் அது. ஏதாவது பிடிக்கவில்லை என்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துப்பட்டியால் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் லாபில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம்.

முதற்கிழமையே அவர் கண்ணாடியைக் கழற்றியது என்னால்தான். ஒரு தாய் தகப்பனுக்கு லாபைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். மேசையில் இருந்த வெள்ளைக் காதைப் பார்த்து அந்தத் தாய், இது என்ன என்று என்னைக் கேட்டார். "பிளாஸ்ரிக்," என்றேன். அவர்கள் போன பிறகு கண்ணாடி கழன்றது. "றெஜினா, பெற்றோருக்கு முன்னால் நாங்கள் அந்தச் சொல்லைப் பாவிப்பதில்லை. பிளாஸ்ரிக் என்றால் குப்பைப் பையும் வாளியும்தான் அவர்களுக்கு ஞாபகம் வரும்." நியாயமாகத்தான் பட்டது. அதற்குப் பிறகு எங்கள் லாபில் அந்தச் சொல் இல்லை. பொலிமர் என்போம், தாங்கிப் பிடிக்கிற சட்டம் என்போம். பெற்றோரிடம் அதுவும் சொல்லமாட்டோம். பிள்ளையின் காது என்றே சொல்வோம்.

சில பிள்ளைகள் ஒரு பக்கக் காது வளராமல் பிறக்கிறார்கள். காது இருக்கவேண்டிய இடத்தில் சுருண்ட சின்னச் சதைத் துண்டு மட்டும் இருக்கும். வழக்கமான வைத்தியம், விலாவிலிருந்து குருத்தெலும்பை வெட்டி எடுத்துக் காதுபோலச் செதுக்கி வைப்பது. நெஞ்சில் தழும்பும் நோவும் மிச்சம். லிண்டன் வேறு வழி தேடினார். அந்தச் சதைத் துண்டுக்குள்ளேயே கொஞ்சம் குருத்தெலும்பு இருக்கும். அதிலிருந்து உயிரணுக்களைப் பிரித்துப் பெருக்கி, காது வடிவில் செய்த பொலிமர்ச் சட்டத்தில் ஏற்றி வளர்த்து, பிள்ளையின் தோலுக்கடியில் வைப்பது. சட்டம் உடம்புக்குள் மெல்ல மெல்லக் கரைந்துபோகும், குருத்தெலும்பு நிலைக்கும். பாகற்கொடிக்குப் பந்தல் போடுவதுபோல என்று நான் எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்துவேன். அதனால் எனக்கு அது எப்போதும் பந்தல்தான்.

பந்தல் செய்வது என் வேலை. பிள்ளையின் நல்ல காதை ஸ்கான் எடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாற்றி, அதற்கு அச்சு வெட்டுவோம். நடுவில் கெட்டியான பொலிமர்க் கம்பிகள் போகும். அவை கரைய வருடக்கணக்காகும். அவற்றைச் சுற்றிப் பஞ்சுபோன்ற மெல்லிய நார். அது சில மாதங்களில் கரைந்துவிடும். நாரை அச்சுக்குள் அடைப்பதில்தான் வேலை இருக்கிறது. இறுக்கி அடைத்தால் உயிரணு உள்ளே போகாது. இளக்கமாக விட்டால் காதின் மடிப்பெல்லாம் சரிந்து வடை மாதிரி ஆகிவிடும்.

உயிரணுவுக்கு இன்னும் பொறுமை வேண்டும். குருத்தெலும்பை மணலளவாக நறுக்கி, நொதியத்தில் ஊறவைத்து, பிரிந்து வருவதைப் போத்தலில் வளர்ப்போம். சாப்பாட்டுக்கு இளஞ்சிவப்புத் திரவம், உடம்புச் சூட்டில் ஒரு பெட்டி. தட்டைப் போத்தலில் கனநாள் விட்டால் அவை தாங்கள் குருத்தெலும்பு என்பதையே மறந்துபோகும். இதைப் புலம்பெயர்ந்த சனத்தோடு ஒப்பிட்டு மேடையில் பேச வரும்படி ஒரு விழாக்காரர் என்னைக் கேட்டார். எனக்குப் பேச வராது என்று சொல்லிவிட்டேன். உண்மையில் எனக்கு அந்த ஒப்பீட்டைக் கேட்கவே எரிச்சலாக இருந்தது. அவை மறக்க முன்னர் பந்தலில் ஏற்றிவிட வேண்டும், அதுதான் விசயம். துளித்துளியாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு, குமிழ் விழாமல் ஏற்றவேண்டும். பிறகு அசைக்கக்கூடாது. அவை நாரைப் பிடித்துக்கொண்ட பின்புதான் திரவம் ஊற்றலாம். சில கிழமைகளில் வெள்ளைப் பந்தல் பாலாடை நிறத்துக்கு வரும். இடுக்கியால் மெல்ல அமத்தினால் அமிழ்ந்து, விட்டதும் திரும்பி எழும்பும். முதல்முறை அப்படி எழும்பியபோது நான் அழுதேன்.

ஆரணி வரும்போது அவளுக்குப் பதினொரு வயது. பிறம்ரனில் வீடு. தகப்பன் ட்ரக் ஓடுகிறவர், பாதி நாள் அமெரிக்கா ரோட்டில் நிற்பார். தாய் சுகந்தி வெயர்ஹவுசில் பெட்டி அடுக்குகிற வேலை. ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தாலும் சுகந்தி என்னைத்தான் பிடித்துக்கொண்டார். பிள்ளைக்கு வலது காது இல்லை. இடது காதால் நன்றாகக் கேட்கும். ஆனால் அந்த இடது காதிலும் தோடு இல்லை, ஓட்டையும் இல்லை. எங்கள் பெண்பிள்ளை அந்த வயதுவரை காது குத்தாமல் இருப்பது அரிது. நான் பார்ப்பதைச் சுகந்தி கண்டுவிட்டார்.

"ஒரு காதில மட்டும் தோடு தொங்கினா மற்றது எங்கையெண்டு எல்லாரும் தேடுவினம் அக்கா. அதான் குத்தேல்லை. அந்தக் காதும் வரட்டும், ரெண்டுக்கும் ஒண்டாக் குத்துவம் எண்டு வைச்சிருக்கிறன். டொக்டரிட்ட ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. சோணை வடிவா இருக்கோணும். நாளைக்குப் பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்பட்டா தோடு போடோணுமெல்லே."

சோணையில், அதாவது காதின் அடிமடலில், யாருக்கும் குருத்தெலும்பு கிடையாது. வெறும் சதைதான். அதனால் எங்கள் பந்தலும் சோணைக்கு மேலேயே நின்றுவிடும், பிள்ளையின் மிச்சச் சதையை இழுத்துத் தைத்துச் சோணை ஆக்குவார்கள். ஆரணிக்கு இருந்த சதை அதற்குப் போதாது. லிண்டன் கையில் கிடைத்த கடதாசியில் ஒரு காதைக் கீறினார், அழித்தார், மறுபடி கீறினார். பிறகு கெட்டிக் கம்பியையே கீழே வரை இறக்குவோம், சோணை சரியாமல் நிற்கும் என்றார். "அவள் தோடு போடுவாள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்," என்று சிரித்தார். நான் சொன்னேன். சுகந்திக்குத் தலைகால் தெரியாத சந்தோசப் புளுகம்.

அந்தப் பந்தலை நான்தான் செய்தேன். சோணைதான் அதில் ஆக வடிவான பகுதி.

சத்திரசிகிச்சை நன்றாக நடந்தது. கட்டு அவிழ்த்து வீக்கம் வற்றிய பிறகு ஆரணி கண்ணாடிக்கு முன்னால் நின்று, வலப்பக்கத் தலைமயிரை எடுத்துக் காதுக்குப் பின்னால் செருகினாள். மயிர் விழவில்லை. மறுபடி எடுத்து மறுபடி செருகினாள். செய்யக்கூடாதவற்றை லிண்டன் தாய்க்குச் சொன்னார். அந்தப் பக்கம் சரிந்து படுக்கக்கூடாது, ஹெல்மெற் போடக்கூடாது, குளிரில் மூடாமல் போகக்கூடாது. காது குத்துவதைப் பற்றிச் சுகந்தி அப்போதே கேட்டார். இப்போது வேண்டாம், காது நிலைக்கட்டும் என்றார் லிண்டன்.

ஒரு வருடத்துக்கு மேல் கழித்துக் காட்ட வந்தார்கள். லிண்டன் காதின் மேல் வளைவை விரலால் மடித்து விட்டார். அது துள்ளி நிமிர்ந்தது. அப்படி ஒரு சந்தோசத்தை அந்த மனிதரின் முகத்தில் நான் முன்போ பின்போ கண்டதில்லை. அவர் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன், கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. "இது இப்ப பிள்ளையின்ர சொந்தக் காதாம். இனி டொக்டரை மறந்திட்டு வீட்டை போகலாமாம்." சுகந்தி அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினார். லிண்டனுக்குக் காதெல்லாம் சிவந்துபோனது. தோட்டைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் பேசவில்லை. அவருக்கு அது மறந்துபோயிருந்தது. சுகந்திக்கு இனிக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை, காது நிலைத்துவிட்டது என்றுதானே பெரிய டொக்டரே சொல்லியிருக்கிறார்.

ஆரணி சாமத்தியப்பட்டாள், சாமத்தியவீட்டுக்கு அழைப்பு வந்தது. நான் தங்கையின் மகளின் கலியாணத்துக்கு லண்டனுக்குப் போயிருந்ததால் போகவில்லை. திரும்பி வந்து சில நாளில் சுகந்தி ரெலிபோன் எடுத்தார்.

"அக்கா, பிள்ளையின்ர சோணையில கொஞ்சம் ஊனம் வடியுது, சீழ் மாதிரி. மஞ்சள் பூசி விட்டனான். நோகேல்லையாம்."

 "எந்தச் சோணை?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும்.

கிளினிக்கில் ஆரணி தலைமயிரை ஒதுக்கிக் காட்டினாள். இடது காதில் சிவப்புக்கல்லுத் தோடு பளிச்சென்று இருந்தது. வலது காதில் அதே தோடு, வீங்கிய சதைக்குள் பாதி புதைந்து கிடந்தது. பின்பக்கம் தோல் பிரிந்து, அதற்குள் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அது எந்தக் கம்பி, எந்த வளைவு என்று எனக்குத் தெரியும். லிண்டன் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

ஏன் குத்தினீர்கள் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"ஸ்காபரோவில நகைக்கடையில அக்கா, காது குத்துற துவக்காலதான் குத்தினவை. சுத்தமாத்தான் செய்தவை. உவர்தானே சொன்னவர் பிள்ளையின்ர சொந்தக் காதெண்டு? சொந்தக் காதில குத்தாம ஆற்ற காதில குத்துறது?"

உள்ளே சட்டம் இன்னும் கரையவில்லை, சோணையில் இருப்பது கெட்டிக் கம்பி, அதில் ஓட்டை போட்டால் கிருமி போய்க் குடியிருக்கும் என்றார் லிண்டன். இதைச் சட்டம், பொலிமர் என்று சுகந்திக்குச் சொல்ல எனக்கு அப்போது பொறுமை இருக்கவில்லை.

"உள்ளுக்க இன்னும் பிளாஸ்ரிக் இருக்கு சுகந்தி," என்றேன்.

அவருடைய முகம் செத்துப்போனது. "பிளாஸ்ரிக்கோ? உதை ஏன் அக்கா ஒருத்தரும் முதலே சொல்லேல்லை? பிளாஸ்ரிக் எண்டு தெரிஞ்சா நான் ஊசி வைக்க விட்டிருப்பனே?"

லிண்டனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல் எல்லோருக்கும் ஒன்றுதான். அவர் ஒரு கதிரையை இழுத்துச் சுகந்திக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். நோயாளியின் வீட்டுக்காரருக்கு முன்னால் அவர் உட்கார்ந்து நான் கண்டது அன்றைக்குத்தான். தான்தான் சொல்லியிருக்கவேண்டும், பிழை தன்னுடையது என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். சுகந்திக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. "காதைக் காப்பாத்தித் தரச் சொல்லுங்கோ அக்கா," என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காப்பாற்ற முடியவில்லை. மருந்து ஏற்றினார்கள், கழுவினார்கள், சோணையை மட்டும் வெட்டிப் பார்ப்போமா என்று யோசித்தார்கள். கம்பி கீழிருந்து மேல்வரை ஒன்றாகப் பின்னியிருந்தது. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. கிருமி கம்பி வழியே மேலே ஏறத் தொடங்க, தலையோட்டுக்குப் போக முன்னர் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று முடிவானது.

எடுக்கிற அன்று காலை சுகந்தி முகம் கழுவப் போன நேரம் நான் ஆரணிக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு கதைத்தாள்.

"அன்ரி, லெஃப்ற் காதில குத்தேக்க நான் கத்தினனான். இட் ஹேர்ட் சோ மச். ரைற்ல குத்தேக்க ஒண்டுமே தெரியேல்லை. அப்பவே எனக்குத் தெரியும், இது என்ர காது இல்லை எண்டு. அம்மா ஹப்பியா நிண்டவா. அதான் சொல்லேல்லை."

புதுக் காதுக்கு உணர்ச்சி நரம்பு வருவது மெத்தச் சுணங்கும், சிலருக்கு வருவதே இல்லை. நோகாததால்தான் ஊனம் வடியும்வரை ஒருவருக்கும் தெரியாமல் போனது. இதையெல்லாம் அந்தப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவோம் என்று நான் வாயைத் திறக்க, தாய் வந்துவிட்டார்.

எடுத்த காது ஒரு போத்தலில் என் மேசைக்கு வந்தது. யாராவது ஒருவர் அதை வெட்டி, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கத்தான் வேண்டும். அந்தக் காதை எனக்குத் தெரிந்த மாதிரி வேறு ஒருவருக்கும் தெரியாது என்றபடியால் நானே செய்தேன். மெழுகில் பதித்து, தாளிலும் மெல்லிய சீவல்களாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றினேன். அந்தச் சாயத்தில் குருத்தெலும்பு சிவப்பாகும், மற்றதெல்லாம் நிறம் பிடிக்காது. சோணையில் சிவப்பே இல்லை. செத்த உயிரணுக்களும் கிருமியும் வெறும் கம்பியும்தான். மேலே போகப் போகச் சிவப்பு வந்தது. மேல் வளைவில் ஒவ்வொரு உயிரணுவும் தனக்கென்று ஒரு சின்னக் குழி கட்டிக்கொண்டு, பிறக்கும்போதே உள்ள காதில் இருப்பதுபோல வரிசையாக இருந்தது. நார் முழுக்கக் கரைந்துவிட்டிருந்தது. நான் வேலை செய்த அத்தனை வருடத்திலும் அதைவிட நல்ல குருத்தெலும்பைக் கண்டதில்லை. கையில் கத்தியோடு இருந்து அழுதேன்.

லிண்டன் வந்து மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. "சரியாக வந்துகொண்டிருந்திருக்கிறது," என்றார். கதவடியில் நின்று, "இதை அவர்களுக்குச் சொல்லி இனி என்ன ஆகப்போகிறது, றெஜினா?" என்று கேட்டார். ஒன்றும் ஆகாது என்றேன். அந்த மனிதரோடு பல விசயத்தில் எனக்கு ஒத்துவராது, அதில் ஒத்துவந்தது.

சிகிச்சையை நிறுத்தினார்கள். லிண்டன் வேறு நகரத்துக்குப் போனார். ஆரணியின் அந்தப் பக்கத்துத் தோல் தழும்பேறிச் சுருங்கிவிட்டது. விலாவிலிருந்து எடுத்துச் செய்யலாம் என்று பிறகு கேட்டார்கள், அவள் தன்னைத் தொடவேண்டாம் என்றுவிட்டாள். குடும்பத்தார் சொல்வழி கேட்கவில்லை, அதனால் பழுதாகிவிட்டது என்று லாபில் ஒரு கதை உலாவியது. இப்போதும் உலாவக்கூடும். ரெலிபோன் எடுத்த பிள்ளைக்குச் சொல்கிறேன், அந்தக் கதையை நம்பவேண்டாம். நாங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அந்தத் தாய் கேட்டார். நாங்கள் சொல்லாமல் விட்ட சொல்லைத்தான் அவரால் கேட்க முடியாமல் போனது. மெஷின் அச்சடித்தாலும் சரி, கையால் அடைத்தாலும் சரி, உள்ளே இருப்பது பிளாஸ்ரிக் என்று பெற்றோருக்கு முதல்நாளே சொல்லுங்கள். அவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற வருடம், மிசிசாகாவில் ஒரு கலியாணத்தில் ஆரணியைக் கண்டேன். யூனிவேர்சிற்றி முடிக்கிற வயது. மதியச் சாப்பாடு முடிய, ரெக்ஸ்டேலில் என் வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்று காரில் ஏற்றினாள். ஓடுகிறவரின் வலப்பக்கம் என் பக்கம். தலைமயிர் அந்தப் பக்கம் இறங்கித் தோள்வரை மூடியிருந்தது. இடது காதில் அதே சிவப்புக்கல்லு. ஹைவேயில் பனி தூறிக்கொண்டிருந்தது. 

"அன்ரி, நீங்கள் அதை வெட்டிப் பாத்தனீங்கள்தானே," என்று திடீரென்று கேட்டாள்.

"ஓம்."

"அது என்ர காதா மாறியிருந்ததோ?"

ஒரு பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. முன்னால் ட்ரக் ஒன்று போய்க்கொண்டிருந்தது, அவள் அதை விலத்தி முன்னுக்குப் போகும்வரை யோசித்தேன். அவள் கேட்டது சின்னப் பிள்ளைக் கேள்வி அல்ல.

"சோணை இல்லை. மேல்பக்கம் முழுக்க உன்ர காதுதான் பிள்ளை. நல்ல காது. விட்டிருந்தா நிண்டிருக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். ஸ்ரியறிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, வலப்பக்கத் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் செருகுவதுபோல ஒதுக்கினாள். அது நிற்காமல் திரும்ப விழுந்தது.

"அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ," என்றாள்.